கிலுக்கு யாருக்குக் கேட்கிறது?

ஜிக் என்பது ஈயத்திலோ டங்ஸ்டனிலோ வார்த்த தலையும், அதிலிருந்து வளைந்து எழும் ஒற்றை முள்ளும், முள்ளை மறைக்கும் சிலிக்கான் இழைப் பாவாடையும் கொண்ட தூண்டில். அடிமண்ணைத் தொட்டுத் தொட்டு எழும்பும்படி அதை இழுப்பார்கள். அதன் கழுத்தில் ஒரு ரப்பர் பட்டையைப் போட்டு, அதில் சிறு கண்ணாடிக் குழாய் ஒன்றைச் செருகுவது உண்டு. குழாய்க்குள் இரண்டு மூன்று எஃகுக் குண்டுகள் இருக்கும். கம்பை அசைத்தால் குழாய் கிலுகிலுக்கும். அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிப்பவர்கள் பல பத்தாண்டுகளாக இதை வைத்து வாதாடுகிறார்கள். கிலுக்கு இல்லாமல் தண்ணீரில் இறங்கமாட்டேன் என்கிறது ஒரு கட்சி. அது காசுக்குக் கேடு என்கிறது இன்னொரு கட்சி.

லூர் என்ற செயற்கை இரையை வைத்து விரால் பிடிக்கும் பழக்கம் மைசூரு, பெங்களூரு, கோயம்புத்தூர்ப் பக்கங்களில் பரவியதும் அந்த வாதமும் கூடவே வந்து சேர்ந்தது. இறக்குமதியாகும் ஜிக்கும், கிராங்க்பைட் என்ற மீன்வடிவ லூரும் பெரும்பாலும் கிலுக்கோடுதான் வருகின்றன. அமெரிக்க பாஸுக்காகச் செய்த பொருளை நம் ஏரியிலும் ஆற்றிலும் வீசி, அங்கே எழுந்த கேள்வியையே இங்கேயும் கேட்கிறோம்: கிலுக்கினால் பயன் உண்டா? இதற்கு ஒற்றை விடை கிடையாது என்பதே என் முடிவு. மீனின் தலைக்குள் காது எப்படி அமைந்திருக்கிறது, நாம் வீசும் இடத்தில் தண்ணீர் எத்தனை ஆழம் என்ற இரண்டும் ஊருக்கு ஊர், மீனுக்கு மீன் மாறுகின்றன. மைசூரைச் சுற்றிய நீரில் அவை பாஸ் வாழும் ஏரிகளில் இருப்பதற்கு ஏறத்தாழ நேர்மாறாக இருக்கின்றன.

முதலில் காது. மீனுக்குக் கேட்குமா என்பதே ஒரு காலத்தில் தீராத வழக்கு. மடலும் இல்லை, துளையும் இல்லை, எதைக்கொண்டு கேட்கும் என்று கேட்டவர்கள் பலர். 1820இல் ஜெர்மன் உடற்கூற்றியலாளர் எர்ன்ஸ்ட் ஹைன்ரிஷ் வெபர், கெண்டை இனங்களில் காற்றுப்பையின் முன்முனையிலிருந்து உட்காது வரை ஓடும் சிற்றெலும்புத் தொடர் ஒன்றைக் கண்டு விவரித்தார். நூறாண்டு கழித்து, 1920களில், கார்ல் ஃபான் ஃபிரிஷ் கண்பார்வை நீக்கிய ஒரு கெளுத்தியைச் சீழ்க்கைக்குப் பழக்கினார். சீழ்க்கை அடித்ததும் அது தன் மறைவிடத்தை விட்டு இரை தேடி வெளியே வந்தது. பின்னாளில் தேனீக்களின் நடனத்தை விளக்கி 1973இல் நோபல் பரிசு பெற்றவர் இவர்தான். மீனுக்குக் கேட்கும் என்ற வழக்கு அத்தோடு முடிந்தது. எந்த மீனுக்கு எது கேட்கும் என்ற கேள்வி மிஞ்சியது.

மீனின் உடல் பெரும்பாலும் நீர்தான். அதன் அடர்த்தியும் நீரை ஒத்தது. ஆகவே ஒலி அதன் உடலைத் தடையின்றிக் கடந்து போகிறது. உட்காதில் உள்ள செவிக்கல் மட்டும் அடர்த்தி மிகுந்தது. நீரோடு சேர்ந்து உடல் அசையும்போது கல் சற்றுப் பின்தங்குகிறது. அந்தப் பின்தங்கலைக் கீழே உள்ள மயிர்ச்செல்கள் உணர்கின்றன. எல்லா மீனுக்கும் பொதுவான கேள்விமுறை இது. தாழ்ந்த அதிர்வுகளுக்கு இது போதும். உயர்ந்த சுருதிக்குப் போதாது. காற்றுப்பை உள்ள மீனில் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. ஒலியழுத்தம் பட்டால் பை சுருங்கி விரியும். அந்த அசைவு காதுக்குப் போய்ச் சேர வழி இருந்தால், மெல்லிய ஒலியும் உயர்ந்த ஒலியும் கேட்கத் தொடங்கும். வெபர் கண்ட எலும்புத் தொடர் அந்த வழிதான். கெண்டைக்கும் கெளுத்திக்கும் அது உண்டு. கட்லாவுக்கும் ரோகுவுக்கும் உண்டு. காவிரியின் மஹசீருக்கும் உண்டு. பாஸுக்குக் காற்றுப்பை இருக்கிறது, ஆனால் அதைக் காதோடு சேர்க்கும் எலும்பு கிடையாது.

இதை அளப்பதற்கான கருவியை மைசூரில் பல பெற்றோர் நேரில் பார்த்திருப்பார்கள். மானசகங்கோத்ரியில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனம் இருக்கிறது. கேட்கிறதா இல்லையா என்று சொல்லத் தெரியாத பச்சிளங்குழந்தைக்கு அங்கே செய்யும் சோதனைகளில் ஒன்று, தலையில் மின்முனைகளை ஒட்டி, காதில் 'டிக் டிக்' என ஒலி கொடுத்து, மூளைத்தண்டில் எழும் நுண்ணிய மின்னலைகளைப் பதிவது. குழந்தை பதில் சொல்ல வேண்டியதில்லை, தூங்கிக்கொண்டே இருக்கலாம். 1998இல் கென்யன், லாடிக், யான் என்ற மூவர் இதே முறையை மீனுக்கு ஏற்றபடி மாற்றி வெளியிட்டார்கள். மீனை நீரில் அசையாமல் நிறுத்தி, செவுளுக்குத் தண்ணீர் ஓடும்படி செய்து, தலைத்தோலில் மின்முனை வைத்து, ஒவ்வொரு சுருதியாக ஒலிக்கவிட்டார்கள். எலும்புத் தொடர் உள்ள தங்கமீனுக்கு ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் வரை கேட்டது. அந்த அமைப்பில்லாத ஆஸ்கர் மீனின் கேள்வி தாழ்ந்த சுருதிகளோடு நின்றுபோனது.

பிற்பாடு கருங்கெளுத்தி, வெள்ளிக்கெண்டை, கௌராமி எனப் பல இனங்களை இப்படி அளந்தார்கள். 2011இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்க பாஸ் இனங்களும் அந்த வரிசையில் சேர்ந்தன. பாஸுக்கு நன்றாகக் கேட்பது 100 ஹெர்ட்ஸை ஒட்டிய தாழ்ந்த ஒலி. சில நூறு ஹெர்ட்ஸைத் தாண்டினால் அதன் காது வேகமாக மந்தமாகிவிடுகிறது. நம் வீட்டு மின்மாற்றியின் ரீங்காரம் 100 ஹெர்ட்ஸ். பாஸின் உலகம் ஏறத்தாழ அந்தச் சுருதியைச் சுற்றியது.

இனி கிலுக்குக்கு வருவோம். கண்ணாடிச் சுவரில் மோதும் பட்டாணியைவிடச் சிறிய எஃகுக் குண்டு என்ன சுருதியில் ஒலிக்கும்? பொருள் சிறியதாகவும் கெட்டியாகவும் இருக்க இருக்க ஒலி உயரும். அந்தக் கிலுகிலுப்பின் வலு பெரும்பாலும் ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் இருக்கிறது. நம் காதுக்கு அது பளிச்சென்று கேட்கிறது. கெண்டைக்கும் கேட்கும். எந்த மீனுக்காக விற்கிறார்களோ அந்த மீனுக்குத்தான் அதில் மிகக் குறைவாகக் கேட்கிறது. 1960களின் இறுதியில் லூசியானாவின் பில் லூயிஸ் ராட்-எல்-டிராப் என்ற கிலுக்கு லூரை அறிமுகம் செய்ததிலிருந்து கிலுக்கு ஒரு பெரிய வணிகம். அதே சமயம், 1936இல் ஃபின்லாந்தின் லௌரி ரப்பாலா தக்கையைச் செதுக்கிச் செய்த, கிலுக்கே இல்லாத லூரும் உலகெங்கும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறது.

கிலுக்குக் கட்சியின் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை விட்டுவிடக் கூடாது. மோதல் ஒலி ஒரே சுருதியில் நிற்பதில்லை. திடீரென்று எழும் எந்த ஒலியிலும் தாழ்ந்த பகுதி கொஞ்சம் கலந்திருக்கும். பல சிறு குண்டுகளுக்குப் பதில் ஒரே பெரிய குண்டை வைத்த லூர்கள் 'டொக்' என்று தாழ்ந்து ஒலிப்பதால், பாஸின் காதுக்கு அவை நெருக்கமானவை. அதோடு, ஓரிரு உடல்நீளத் தொலைவுக்குள் காதோடு பக்கக்கோடும் வேலை செய்கிறது. செவுளின் பின்னிருந்து வால்வரை ஓடும் அந்த உணர்வரிசை நீரின் அசைவை நேரடியாகத் தொட்டறிகிறது. ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. கிலுக்கு மாட்டியவர் அதை ஒலிக்க வைப்பதற்காகக் கம்பை அடிக்கடி குலுக்குகிறார். கம்பு குலுங்கினால் ஜிக் குதிக்கிறது, பாவாடை விரிந்து சுருங்குகிறது, தலை அடிக்கல்லில் மோதுகிறது. கூடுதலாக ஒரு மீன் கடித்தால் அது கிலுக்கின் வெற்றியா, குலுக்கலின் வெற்றியா? அனுபவசாலிகளின் சாட்சியத்தில் இந்த இரண்டும் பிரிக்க முடியாதபடி கலந்துகிடக்கின்றன.

தண்ணீரின் ஆழம் இந்த விவாதங்களில் எப்போதும் விடுபட்டுப் போகிறது. எனக்கோ அதுதான் இந்தக் கேள்வியின் மையம். நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் ஓடும். காற்றில் ஓடுவதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். அந்தக் கணக்கில் 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 15 மீட்டர். 1,000 ஹெர்ட்ஸ் என்றால் ஒன்றரை மீட்டர். 5,000 ஹெர்ட்ஸ் என்றால் 30 சென்டிமீட்டர். நீர்ப்பரப்புக்கும் அடித்தரைக்கும் இடையில் அலை நுழைய இடம் வேண்டும். அடித்தரை கெட்டிப் பாறையாக இருந்தாலும், ஆழத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல் நீளமான அலை அந்த நீரில் தொலைவு போகாது. கிளம்பிய இடத்திலேயே அடங்கிவிடும். சேறாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒரு மீட்டர் ஆழமுள்ள ஏரியோரத்தில் 375 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலி எதுவும் பரவாது. பாஸுக்கு நன்றாகக் கேட்கும் ஒலி பரவாத இடம் அது. பரவும் ஒலியோ பாஸுக்குக் கேட்காது. கரையோரப் பாசியில் ஜிக் வீசுகிறவர் 'தூரத்து மீனைக் கூப்பிடுகிறேன்' என்று சொன்னால், இயற்பியல் அவருக்குத் துணை நிற்காது. மிக அருகில் இருக்கும் மீனுக்கு மட்டுமே அவர் ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கிருஷ்ணராஜ சாகரின் கதை வேறு. தமிழ் நாளிதழ்கள் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நாள்தோறும் அச்சிடும் அந்த 124.8 அடி, அதாவது 38 மீட்டர், அணையின் முழுக் கொள்ளளவு மட்டம். அத்தனை ஆழத்தில் பத்து ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிவரை பரவ இடம் உண்டு. ஆழமான அணையில் ஒலிக்கும் கிலுக்கும், மைசூரின் புறவட்டத்தில் ஆகாயத்தாமரை மூடிய ஓர் ஏரியில் ஒலிக்கும் அதே கிலுக்கும் மீனுக்கு ஒன்றல்ல. நீர்ச்செடிகளின் தண்டில் காற்று அடைந்திருக்கும். காற்றுக்குமிழி ஒலியை விழுங்குவதில் கெட்டிக்காரன். 'அடர்ந்த பாசியில் கிலுக்கு மாட்டு, மீன் தேடி வரும்' என்பது விளம்பரங்களில் அடிக்கடி வரும் அறிவுரை. ஒலி மிகக் குறைவாகப் பயணிக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்து அதை அங்கே பரிந்துரைக்கிறார்கள்.

மைசூரு வட்டாரத்தின் தூண்டில் வரலாற்றை மஹசீரை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1873இல் 'தி ராட் இன் இந்தியா' நூலை எழுதிய ஹென்றி சல்லிவன் தாமஸ் மதராஸ் ஆட்சிப் பணியில் இருந்தவர். அந்த நூலின் நாயகன் மஹசீர்தான். மைசூரில் புலியையும் சிறுத்தையையும் பாடம் செய்து உலகப் புகழ் பெற்ற வான் இங்கன் குடும்பம் தூண்டிலிலும் பெயர் பெற்றது. டி வெட் வான் இங்கன் 1946இல் கபினி ஆற்றில் பிடித்த 120 பவுண்டு மீன், அதாவது 54 கிலோ, இன்றுவரை தூண்டிலில் பிடிபட்ட மிகப் பெரிய மஹசீராகச் சொல்லப்படுகிறது. 1970களின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் மூவர் காவிரியில் பெரும் மீன்களைப் பிடித்துக் காட்டிய பிறகு, பீமேஸ்வரி, காலிபோரே, தொட்டமக்களி முகாம்களுக்கு உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள்.

அந்த முகாம்களின் முதன்மை இரை ராகிக் களி. மாவைக் கெட்டியாகக் கிளறி, உருட்டி, வேகவைத்து, எலுமிச்சை அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ முள்ளில் பொதிந்து, வேகமாக ஓடும் நீரில் பாறை இடுக்கில் கிடத்திவிடுவார்கள். அந்தத் தூண்டில் சத்தமே போடாது. வாசனை நீரோட்டத்தில் கீழே போகும், மீன் அதைப் பற்றி மேலே வரும். உலோகக் கரண்டி லூரும் பிளக் லூரும் இழுத்து மஹசீர் பிடித்தவர்களும் உண்டு. கரண்டி நீரைத் துழாவும் அசைவு கிலுக்கைப் போல உயர்சுருதியில் இல்லாமல் தாழ்ந்த தடதடப்பாக இருக்கும். மிக நுட்பமாகக் கேட்கும் காதுடைய மீனைப் பிடிக்க, காவிரிக்கரை ஆட்கள் தலைமுறை தலைமுறையாகச் சத்தமற்ற இரையையே தேர்ந்தார்கள் என்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் வெபரைப் படித்தவர்கள் அல்ல. கரையில் கல் உருண்டால் மடுவில் என்ன நடக்கிறது என்று பார்த்தவர்கள்.

அந்த முகாம்களில் இப்போது தூண்டில் கிடையாது. காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் மீன்பிடி விளையாட்டு 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் நின்றுபோனது. காவிரிக்கே உரிய கூன்முதுகு மஹசீர் 'டோர் ரேமாதேவியி' என்ற அறிவியல் பெயருக்கு உரியது என்று 2018இல் ஆய்வாளர்கள் உறுதிசெய்தார்கள். அதே ஆண்டு அது அழிவின் விளிம்பிலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. வெடிவைத்துப் பிடித்தல், மணல் அள்ளுதல், அணைகள், அதற்கு மேலாக 1970களிலிருந்து காவிரியில் விடப்பட்ட நீலத்துடுப்பு மஹசீர் எனக் காரணங்கள் பல. ஆகவே இந்த மீனுக்குக் கிலுக்கு வேலை செய்யுமா என்று யாரும் போய்ச் சோதிக்கக் கூடாது. அதன் காது எப்படிப்பட்டது என்பதை அதன் இனத்தார் வழியாக அறிந்துகொள்வதே போதும்.

அந்த இனத்தார் ஒலியைக் கேட்டு என்ன செய்கிறார்கள்? இதற்கான சான்றுகள் இரண்டு திசையிலும் இழுக்கின்றன. அமெரிக்காவின் இல்லினாய் ஆற்றில் படகு மோட்டார் ஒலி கேட்டதும் வெள்ளிக்கெண்டைகள் கூட்டங்கூட்டமாக நீரைவிட்டு எகிறிக் குதிப்பதைப் பலர் படம்பிடித்திருக்கிறார்கள். மோட்டார் ஒலியைப் பதிந்து குளங்களில் ஒலிக்கவிட்ட ஆய்வாளர்கள், மீன் அதை விட்டு மறுபடி மறுபடி விலகிப் போவதைக் கண்டார்கள். 2019இல் கென்டக்கி மாநிலத்தின் பார்க்லி மதகில் ஒலி, குமிழி, ஒளி மூன்றையும் சேர்த்து ஒரு வேலியே போட்டார்கள், கெண்டை அந்தப் பக்கம் கடக்காமலிருக்க. நம் அணைகளில் செவுள்வலை கட்டிய மீனவர் பரிசலில் சுற்றிவந்து துடுப்பால் தண்ணீரை அடித்து மீனை வலைக்கு விரட்டுவதும் இதே அறிவுதான். புதிய, பலத்த, காரணம் புரியாத ஒலி கெண்டை இனத்தை ஓட வைக்கிறது.

மறுபக்கமும் உறுதியானது. ஹங்கேரியின் திஸ்ஸா, தன்யூப் ஆறுகளில் வளைந்த மரக்கட்டை ஒன்றால் நீரை அடித்து 'களுக், களுக்' என ஓசை எழுப்புவார்கள். ஆழத்தில் கிடக்கும் பெருங்கெளுத்தி அதைக் கேட்டு மேலேறி இரையை நோக்கி வரும். பாப்புவா நியூகினியின் நியூ அயர்லாந்துத் தீவில் பாதித் தேங்காய் ஓடுகளை வளையத்தில் கோத்து நீருக்குள் குலுக்கிச் சுறாவை அழைக்கும் வழக்கம் இருக்கிறது. கிலுக்கு என்றால் அசல் கிலுக்கு அதுதான். ஆனால் சுறா நாடுவது தாழ்ந்த, ஒழுங்கற்ற துடிப்பை. அடிபட்ட மீன் துடிக்கும் ஒலி அப்படிப்பட்டது. தேங்காய் ஓடு அந்தத் தாழ்வில் ஒலிக்கிறது. கண்ணாடிக் குழாய் அங்கே இறங்குவதில்லை.

நம் பக்கத்துச் சான்று இன்னும் அழகானது. சிருங்கேரியில் துங்கையின் படித்துறையிலும், ஹாசன் மாவட்டத்து ராமநாதபுராவில் காவிரிப் படித்துறையிலும் கோயிலின் காவலில் மஹசீர்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. ஆட்கள் இறங்கினால் அவை விலகுவதில்லை, திரண்டு வருகின்றன. பொரி விழுந்ததும் நீர் கொதிக்கிறது. ஓடும் அதே இனம் இங்கே தேடி வருகிறது. மனிதரின் அரவம் அங்கே உணவோடு சேர்ந்து பழகிவிட்டது. ஒலிக்குத் தனியாக ஒரு கவர்ச்சியும் இல்லை, அச்சமும் இல்லை. ஒலியைக் கேட்ட பிறகு அந்த மீனுக்கு என்ன நடந்தது என்பதே அதன் நினைவில் நிற்கிறது. டச்சு ஆய்வாளர் பியூகெமா 1970இல் வெளியிட்ட சோதனைகளில், ஒருமுறை முள்ளில் சிக்கி விடுபட்ட கெண்டைகள் அதன்பின் நெடுங்காலம் தூண்டிலைத் தவிர்த்தன. பைக் மீன்கள் சுழல்தகட்டு லூரை விரைவில் கற்றுக்கொண்டு ஒதுங்கின. உயிரிரையை மட்டும் அவற்றால் ஒதுக்க முடியவில்லை. புதிய கிலுக்கு வந்த ஆண்டில் கொட்டிய மீன் மூன்றாம் ஆண்டில் ஏன் கொட்டவில்லை என்று கேட்கிறவர்களுக்கு இதில் ஒரு விளக்கம் இருக்கிறது. பலர் பிடித்துத் திரும்ப விடும் நீரில் கிலுக்கு, கொஞ்ச நாளில், எச்சரிக்கை மணியாகவும் ஆகக்கூடும்.

கெண்டையும் மஹசீரும் ஒருபுறம் இருக்கட்டும். மைசூரு ஏரிகளில் லூர் வீசுகிறவர்களில் பெரும்பாலோர் குறிவைப்பது விராலை. விராலுக்கு வெபரின் எலும்புகள் கிடையாது, அந்த வகையில் அது பாஸின் பக்கம். ஆனால் அதன் தலைக்குள், செவுளுக்கு மேலே, காற்றைச் சுவாசிப்பதற்கான ஓர் அறை இருக்கிறது. சேற்றுக்குட்டையிலும் விரால் பிழைத்திருப்பது அந்த அறையால்தான். இந்த அறை உட்காதுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நெருங்கிய உறவினமான கௌராமியில் அறையின் காற்றை எடுத்துவிட்டு அளந்தபோது, அதன் கேள்வித்திறன் குறைந்தது. சுவாசிக்க வைத்திருக்கும் காற்றே அங்கே ஒலியை வாங்கித் தரும் பையாகவும் பயன்படுகிறது. பாஸுக்கு எழுதிய அறிவுரையை விராலுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் அது வேட்டையாடும் இடம். விரால் காற்றுக்காக மேலே வந்து போகும் மீன். தாமரையிலைக்கும் பாசிக்கும் நடுவில், முழங்காலளவு நீரில், மேல்நோக்கிக் காத்திருக்கும். தமிழ்நாட்டுக் குளங்களில் உயிர்த்தவளையை முள்ளில் கோத்து நீர்ப்பரப்பில் தத்த விட்டு விரால் பிடிப்பது பழைய முறை. இன்றைய ரப்பர்த் தவளை லூர் அதன் வாரிசு. அதன் பின்னால் கட்டிய தகடு சுழன்று நீரைக் கிழிக்கிறது, குமிழி எழுப்புகிறது. அந்தச் சலசலப்பு நீரைத் தள்ளும் அசைவு. பக்கக்கோட்டுக்கு நேரே பேசுவது. பாசி மேல் தவழும் இரையை விரால் முழுதாகப் பார்க்க முடியாதபோது அதன் தாக்குதலுக்குக் குறி காட்டுவது அந்த அசைவுதான். தவளையின் வயிற்றுக்குள் ஒரு கிலுக்குக் குழாயையும் சேர்த்துச் செருகுவதால், ஏற்கெனவே பரப்பில் நடக்கும் இத்தனை கலவரத்துக்கு மேல் அது என்ன கூட்டிவிடும்? நான் பார்த்தவரை அடர்பாசியில் ஒன்றும் கூட்டவில்லை. கழிவுநீர் கலந்து பச்சையாய்க் கெட்டியான, செடியற்ற திறந்த நீரில் ஜிக்கை மெதுவாக இழுக்கும்போது மட்டும் கிலுக்குக்கு ஒரு வாய்ப்பு கொடுக்கலாம் என்று நினைக்கிறேன்: அங்கே கண் உதவாது, தகடும் இல்லை, தலையில் காற்றறை உள்ள மீன் பக்கத்தில் இருக்கிறது.

விராலில் இன்னொரு நிலைமை உண்டு, அது என்னைத் தொந்தரவு செய்கிறது. மழைக்காலத்தில் குஞ்சுகள் செந்நிறப் பந்துபோல் திரண்டு பரப்பில் மிதக்கும். தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். அந்தப் பந்தின் மேல் எதைப் போட்டாலும் காவல் மீன் பாயும். கிலுக்கு போட்டாலும் பாயும், போடாவிட்டாலும் பாயும், வெறும் கல்லை வீசினால்கூடத் திரும்பும். 'புது கிலுக்கில் ஒரே நாளில் இத்தனை விரால்' என்று காட்டும் படங்களில் சில இந்த மாதங்களில் எடுத்தவை. அங்கே பசியே இல்லை, ஆகவே இரையைப் பற்றிய சான்றும் இல்லை. பெற்றோர் போனால் குஞ்சுப் பந்து சில மணி நேரத்தில் மற்ற மீன்களின் வயிற்றில் இருக்கும். எந்தக் கணக்கிலும் இந்த மீன்களைச் சேர்க்கக் கூடாது, பிடிக்கவும் கூடாது.

கணக்கு என்றதும் கடைசிக் கேள்வி வருகிறது. இதைத் தீர்த்துவைக்க என்ன செய்யவேண்டும்? அனுபவம் மட்டும் போதாது. கிலுக்கை நம்புகிறவர் கிலுக்கையே நாள் முழுதும் வீசுகிறார்; நல்ல நேரம், நல்ல இடம் எல்லாம் அதற்கே போகின்றன; மீன் அதில்தான் சிக்குகிறது; நம்பிக்கை உறுதிப்படுகிறது. இதைப் பிரிக்க எளிய வழி உண்டு. ஒரே எடை, ஒரே நிறம், ஒரே முள் உள்ள இரண்டு ஜிக்குகள். ஒன்றில் குண்டுள்ள குழாய், மற்றதில் குண்டை எடுத்துவிட்டு அதே எடைக்கு மெழுகு நிரப்பிய குழாய். எதை வீசுவது என்று ஒவ்வொரு முறையும் நாணயம் சுண்டி முடிவு செய்ய வேண்டும். கம்பை இரண்டுக்கும் ஒரே மாதிரி ஆட்ட வேண்டும். கடித்ததும் கடிக்காததும் அப்போதே எழுதப்பட வேண்டும்.

எத்தனை வீச்சு? சத்தமில்லாத ஜிக்குக்கு நூற்றில் 10 வீச்சு கடிபடுகிறது, கிலுக்கு அதை 12 ஆக்குகிறது என்று வையுங்கள். புள்ளியியலில் வழக்கமாகக் கேட்கும் உறுதியோடு அந்த வேறுபாட்டைக் காட்ட, ஒவ்வொரு ஜிக்கிலும் ஏறத்தாழ 3,800 வீச்சுகள் வேண்டும். வார இறுதியில் மட்டும் ஏரிக்குப் போகும் எவராலும் இது ஆகாது. ஒரு மனிதரின் வாழ்நாள் அனுபவம் என்று நாம் மதிப்பதுகூட, இந்த அளவு சிறிய வேறுபாட்டைக் கண்டுபிடிக்கப் போதுமான கருவி அல்ல. ஆனால் கிலுக்கு 10ஐ 20 ஆக்குகிறது என்று சத்தியம் செய்கிறவர்களின் கூற்றைச் சோதிக்க ஒவ்வொன்றிலும் சுமார் 200 வீச்சு போதும். ஐந்தாறு நண்பர்கள் சேர்ந்து, அனுமதி உள்ள ஏரி ஒன்றில், குஞ்சுப் பருவம் கழிந்த பிறகு, முள்ளின் கொக்கியை நசுக்கிக்கொண்டு, இரண்டு காலைகளில் முடித்துவிடலாம். செடியோரத்தில் பாதி, திறந்த நீரில் பாதி என்று இடத்தையும் ஆழத்தையும் சேர்த்துக் குறித்தால், மேலே சொன்ன ஆழக் கணக்கு சரியா என்பதற்கும் ஒரு குறிப்பு கிடைக்கும். நானூறு வீச்சில் வேறுபாடு தென்படவில்லை என்றால், கிலுக்கு மீனின் கடியை இரட்டிப்பாக்கவில்லை என்று துணிந்து சொல்லலாம். மிச்சமிருக்கும் சிறு வேறுபாட்டைக் காற்றின் திசையும் தண்ணீரின் சூடும் ஒரே காலையில் உண்டாக்கிவிடும்.